மரம் ஏறுகிறவர் யாருடைய ஆள்?

ஊருக்கு போன் போட்டால் இப்போதெல்லாம் தவறாமல் வருகிற புகார் ஒன்று உண்டு. "தேங்காய் பறிக்க ஆளே கிடைக்கலைப்பா. கிடைச்சாலும் மரத்துக்கு இவ்வளவுன்னு பிடிவாதமா கேக்கறான்." ஐதராபாத், புனே, டில்லி என்று எங்கே குடியேறியிருந்தாலும் நம்மில் பலருக்கு ஊரில் பத்துத் தென்னையாவது இருக்கும். நாமும் இங்கிருந்து ஒரு "ம்ம்" கொட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

இங்கிலாந்தில் இதை ஒட்டிய வேலைக்கு 'ட்ரீ சர்ஜன்' என்று வண்டியிலேயே பெயர் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கம்பெனியில் சேர்வதா, தனியாகத் தொழில் செய்வதா என்று கணக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். நம் மரமேறிகளுக்கும் அதே கேள்வி நூறு வருடமாக இருக்கிறது. என்ன, அந்த முடிவை எடுத்தது பெரும்பாலும் அவர்கள் இல்லை. கலால் துறை, குத்தகைக்காரர், சங்கம், நீதிமன்றம், சட்டசபை என்று யார் யாரோ எடுத்தார்கள். கேரளம், தெலங்கானா, தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களிலும் ஏற்றம் ஒன்றுதான். கணக்கு மட்டும் மூன்று விதம்.

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. பதனீருக்கோ கள்ளுக்கோ பாளை சீவுகிறவர் ஒரே மரத்தில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏற வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை கெடும். ஒருவர் 30 மரம் பார்க்கிறார், ஒவ்வொன்றும் 40 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 60 ஏற்றம், 2400 அடி. இறங்குவது தனி. லீவு கிடையாது. தவறி விழுந்தால் பிழைப்பே முடிந்தது. ஆகவே இந்தத் தொழிலில் 'சொந்தத் தொழிலா, வேலையா' என்ற கேள்விக்கு உள்ளே ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி, விழுந்தால் யார் பொறுப்பு என்பதுதான்.

முதலில் கேரளம். அங்கே அந்நாளில் கள்ளுக்கடையை அரசு ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் தென்னை வைத்திருப்பவர்களிடம் மரத்தைக் குத்தகை பேசி, சீவுவதற்கு ஆள் வைப்பார். இறக்கிய கள்ளு முழுவதும் அவர் கடைக்குத்தான் போக வேண்டும். சீவுகிறவர் தானாக ஒரு குவளைகூட விற்க முடியாது. ஆக, மரம் அவருடையது இல்லை, சரக்கும் அவருடையது இல்லை. இந்த இடத்தில்தான் அவர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலாளி ஆக முடியாது என்றால் முழுத் தொழிலாளி ஆகிவிடுவோம் என்ற முடிவு அது. 1942இல் கொச்சி சமஸ்தானத்தின் அந்திக்காட்டில் கள்ளிறக்கும் தொழிலாளர்களின் சங்கம் உருவானது. கேரளத்தின் பழைய தொழிற்சங்கங்களில் அதுவும் ஒன்று.

இதில் இன்னொரு இழுபறியும் இருந்தது. சீவுகிறவர்களில் பெரும்பாலோர் ஈழவர்கள். அந்தச் சமூகத்தின் வழிகாட்டியான நாராயண குருவே கள்ளிறக்குவதை விட்டுவிடச் சொன்னவர். சமூக மரியாதை ஒரு பக்கம் இழுத்தது, வயிறு இன்னொரு பக்கம் இழுத்தது. அப்படிப்பட்ட தொழிலில் இருந்தவர்களுக்கு 'தொழிலாளி' என்ற பெயரே ஒரு மரியாதையாக வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம்.

1957இல் வந்த ஈ.எம்.எஸ். அரசு ஒரு படி மேலே போய், ஏலக்காரரை விலக்கிவிட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமே கள்ளுக்கடைகளைக் கொடுக்க முயன்றது. எதிர்க்கட்சிகளின் புகார்ப் பட்டியலில் அதுவும் ஏறியது. ஆட்சி 1959இல் கலைக்கப்பட்டது. ஆனால் 1969இல் கேரளக் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. கடை எடுத்தவரும் தொழிலாளியும் ஆளுக்கொரு பங்கு கட்ட, வேலை விட்டுப் போகும்போது கையில் பணம் கிடைக்கும் ஏற்பாடு. ஒரு மரமேறிக்கு பிராவிடண்ட் ஃபண்ட்! நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் சமாச்சாரம் தென்னை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

அதே கேரளத்தில், வீட்டுக்கு வீடு போய்த் தேங்காய் பறிக்கிறவர் கதை வேறு. அவருக்கு முதலாளி கிடையாது. இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு. கூலியை அவரே சொல்வார், நேரத்தையும் அவரே சொல்வார். சுதந்திரம்தான். ஆனால் சங்கமும் நிதியும் அவரைத் தொடவில்லை. இளைஞர்கள் இந்த வேலைக்கு வராமல் போக, தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஏறும் கருவி, பயிற்சி, கூடவே விபத்துக் காப்பீடு. முதலாளி இல்லாதவருக்கு யாராவது ஒருவர் முதலாளியின் கடமையில் பாதியையாவது செய்ய வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்ட மாதிரி இது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் பனைவகை மரங்களைச் சீவுவதும் மரம் வெட்டுவதும் பெயர் சொல்லியே இடம்பெற்றன. (அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமல்.) ஆனால் இழப்பீடு கேட்க வேண்டுமானால் 'முதலாளி' என்று ஒருவர் இருக்க வேண்டுமே?

யார் தொழிலாளி, யார் தனித்தொழில் செய்பவர் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1956இல் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. வழக்கு மரமேறிகளுடையது அல்ல. சௌராஷ்டிரத்தில் தாராங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற கம்பெனியின் உப்பளங்களில் வேலை செய்த அகரியாக்களுடையது. எடைக்கு இவ்வளவு என்று கூலி. குடும்பத்தோடு வேலை செய்வார்கள், தேவைப்பட்டால் தாங்களே ஆளும் வைத்துக்கொள்வார்கள். 'இவர்கள் காண்ட்ராக்டர்கள்' என்றது கம்பெனி. நீதிமன்றம் ஏற்கவில்லை. கூலி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பது முக்கியமில்லை, வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம் என்ற அடிப்படையில், அவர்களும் தொழிலாளர்களே என்று தீர்த்தது.

இந்த அளவுகோலை நம் ஆட்களுக்கு வைத்துப் பாருங்கள். ஒரே கடைக்காரருக்காக, அவர் காட்டிய மரத்தில் தினமும் சீவுகிறவர் தொழிலாளி. நம் வீட்டுத் தென்னையில் எப்போதோ ஒரு நாள் ஏறிவிட்டுப் போகிறவர் தனித்தொழில் செய்பவர். விழுகிற உயரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அடுத்தது நான் குடியிருக்கும் தெலங்கானா. இங்கே கௌட் சமூகத்தினர் பனையும் ஈச்சமரமும் சீவுகிறார்கள். நிஜாம் காலத்தில் கலால் வருமானம் சமஸ்தானத்துக்குப் பெரிய வரவு. அங்கேயும் குத்தகைக்காரர் ராஜ்ஜியம்தான். ஆனால் பின்னாளில் இங்கே பிடித்த வழி கேரளத்து வழி அல்ல. 'நல்ல முதலாளி வேண்டும்' என்று கேட்பதற்குப் பதில் 'முதலாளியே வேண்டாம், மரத்தை எங்களிடம் கொடு' என்பது இங்கத்து வழி. அதன்படி இரண்டு ஏற்பாடுகள் உண்டு. சீவுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமம் கொடுப்பது ஒன்று. சீவுகிறவருக்கே நேரடியாக மரங்களைக் கொடுப்பது இன்னொன்று. அவரே இறக்கி அவரே விற்கலாம்.

1995இல் என்.டி.ராமாராவ் அரசு முழு மதுவிலக்குக் கொண்டுவந்தபோதுகூடக் கள்ளுக்கு மட்டும் விலக்குத் தந்தது. அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. ஐதராபாத் நகரத்தில் 2004இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. பத்து வருடம் கழித்து, புதிய மாநிலம் பிறந்த பிறகே திறந்தார்கள். சொந்தத் தொழிலுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒரு அரசாணையில் கடை போய்விடும், அப்போது நஷ்ட ஈடு கேட்க எதிரே ஆள் இருக்காது.

விழுந்தால்? இங்கே அரசு உதவித்தொகை தருகிறது. 2024இல் கௌட் மக்களின் தெய்வமான காட்டமய்யாவின் பெயரில் பாதுகாப்புக் கவசப் பெட்டிகளையும் கொடுக்கத் தொடங்கியது. உதவித்தொகை என்பது உரிமையா, சலுகையா என்ற வாதம் தனி.

கடைசியாக நம் தமிழ்நாடு. சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பனையேறி சட்டப்படி யாருக்கும் வேலைக்காரர் இல்லை. மரத்தைப் பாட்டத்துக்கோ பங்குக்கோ எடுப்பார். பதனீரை வீட்டில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது மனைவியின் வேலை. கூலி கிடையாது, கணக்கிலும் வராது. சீசனுக்கு முன்னால் கையில் காசு இருக்காது. வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். வாங்கியதால் கருப்பட்டியை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். பெயருக்குச் சொந்தத் தொழில், நடப்பில் கட்டுப்பட்ட ஆள். கேரளத்துச் சங்கம் போராடிப் பெற்றதும் இங்கே இல்லை, தெலங்கானாவின் மர உரிமையும் இல்லை.

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, கள்ளிறக்கியவர்களைப் பதனீருக்குத் திருப்பிப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். நல்ல எண்ணம்தான். பிறகு 1971இல் கள்ளுக்கடை திறந்தது, ஓரிரு வருடத்தில் மூடியது. 1981இல் மறுபடி திறந்தது, 1987இல் மறுபடி மூடியது. அதன் பிறகு திறக்கவில்லை. இப்படித் திறந்து மூடுகிற கதவை நம்பி எந்த இளைஞன் தளைநாரை எடுப்பான்? 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியாகப் பனைமரத் தொழிலாளர்களுக்கும் நல வாரியம் உண்டு. அதில் பதிவு செய்தவருக்கு விபத்து உதவி உண்டு. பதிவு செய்தவருக்கு!

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். 'சொந்தத் தொழில்' என்ற சொல்லுக்குத் தனியாக எந்த மகிமையும் இல்லை. மரமும் சந்தையும் கையில் இருந்தால் அது சுதந்திரம். இரண்டும் இல்லாமல் ஏறும் திறமை மட்டும் இருந்தால், ஆபத்தை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்வது என்று அர்த்தம். அதேபோல 'வேலை' என்பதும் தானாகப் பாதுகாப்புத் தந்துவிடவில்லை. சங்கம் வைத்துக் கேட்ட பிறகே தந்தது.

நாமும் இந்தக் கணக்கில் ஒரு வரியாக இருக்கிறோம். ஊரில் மரம் நம்முடையது, பறிக்கச் சொல்வது நாம். 'மரத்துக்கு இவ்வளவு கேக்கறான்' என்று அப்பாவோ மாமாவோ சொல்லும்போது, அந்தக் கூலிக்குள்தான் அவருடைய பிராவிடண்ட் ஃபண்டும் ஆஸ்பத்திரிச் செலவும் மழைக்கால வருமானமும் அடங்கியிருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம். அவர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று அடுத்த போனில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லலாம். இல்லையென்றால் ஒரு வருடத்துப் பிரீமியத்தை நாமே கட்டினால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் ஊர்ப் பக்கம் பனையோ தென்னையோ பங்குக்கு விடுகிற வழக்கம் எப்படி இருந்தது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். இந்தக் கணக்கெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுசாகக் கிடைப்பதில்லை.