டோப்பாவும் கடற்காற்றும்

எங்கள் வீட்டில் 'டோப்பா' என்பது சிரிப்புக்குரிய சொல்லாகத்தான் இருந்தது. சின்ன வயதில் சரித்திர நாடகம் ஒன்று பார்க்கப் போனோம். வாள் சண்டை நடுவே ராஜாவின் டோப்பா நகர்ந்துவிட்டது. ஒரு கையில் வாள், மறு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு அவர் வசனம் பேசி முடித்தார். அதைச் சொல்லிச் சொல்லி ஐம்பது வருஷம் சிரித்திருக்கிறோம்.

2012-ல் அந்தச் சிரிப்பு நின்றது. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி ஆரம்பித்த மூன்றாவது வாரம், காலையில் தலையணை முழுக்க முடி.

அவள் அழவில்லை. மாலையில் சாந்தோம் கடற்கரைக்கு நடக்கப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து விடாத பழக்கம் அது. "அந்தக் காத்துல தலைப்பு நிக்காதுங்க" என்றாள், அவ்வளவுதான்.

அவசர அவசரமாக ஒரு கடையில் விக் வாங்கினோம். செயற்கை இழை. கன்னங்கரேலென்று பொம்மை முடி மாதிரி மினுங்கியது. ஏப்ரல் வெயிலில் பத்து நிமிஷம் வைத்தால் வேர்த்துக் கொட்டி அரிக்கும். ஒரு வாரத்தில் அது அலமாரிக்குள் போய்விட்டது.

ஓய்வு பெற்றவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் புத்தகம். விக்கின் கதையைத் தேடிப் படித்தேன். அது சுற்றிச் சுற்றி எங்கள் பேட்டைக்கே வந்து நின்றது. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமைப் பிடித்து இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிய அரசன் பதினான்காம் லூயி. தோளில் புரளும் சுருள் முடி விக்கை ஐரோப்பாவின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் நாகரிகமாக்கியவன் அவன்தான். இந்தப் பக்கம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் ஓவியத்தைப் பார்த்தாலும் தலையில் பெரிய விக்.

1795-ல் இங்கிலாந்தில் முடிக்குப் பூசும் பவுடர் மேல் வருஷத்துக்கு ஒரு கினி வரி போட்டார்கள். அதோடு மோகம் தணிந்தது. ஆனால் நீதிமன்றத்தில் விக் தங்கிவிட்டது. 1822-ல் குதிரை முடியில் செய்த வக்கீல் விக்குக்கு அங்கே காப்புரிமையே வாங்கினார்கள். 2008-ல்தான் சிவில், குடும்ப வழக்குகளில் அதைக் கைவிட்டார்கள். நம் வக்கீல்கள் கறுப்பு அங்கியையும் கழுத்துப் பட்டையையும் வைத்துக்கொண்டு விக்கை விட்டுவிட்டார்கள். சென்னை வெயிலுக்குப் புண்ணியம்!

நம் மேடையிலும் இதே கதைதான். பெண் வேஷத்தை ஆண்களே கட்டிய காலத்தில் டோப்பா இல்லாமல் நாடகமே இல்லை. ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்துக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கோபாலபுரம் பக்கம் இன்று அவ்வை சண்முகம் சாலையே இருக்கிறது.

படித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. ராஜாவோ நீதிபதியோ நடிகரோ, எல்லோரும் விக் வைத்தது பிறர் பார்க்க. என் மனைவிக்கு வேண்டியது யாரும் பார்க்காத விக்.

வடபழநியில் சினிமாவுக்கு டோப்பா கட்டும் பெரியவர் ஒருவரிடம் நண்பர் அனுப்பி வைத்தார். இதைச் சொன்னதும் சிரித்தார். "நாடகத்துக்குக் கட்டினா கடைசி வரிசைக்குத் தெரியணும் சார். அம்மாவுக்குக் கட்டினா பக்கத்துல உக்கார்றவங்களுக்கே தெரியக்கூடாது."

டேப்பால் தலையைச் சுற்றி, நெற்றியிலிருந்து பிடரி வரை, காதிலிருந்து காது வரை அளந்தார். முடி கொட்டும் முன்பே வந்திருந்தால் ஒரு கொத்தை வெட்டி வைத்துக்கொண்டு நிறம் பார்த்திருக்கலாமாம். பழைய போட்டோவைக் காட்டினேன். "அடர்த்தியைக் குறைப்போம். அறுபது வயசுல யாருக்கு அவ்வளவு முடி? நாலு நரையும் வைப்போம். முன் நெத்தியில கோடு போட்ட மாதிரி வேணாம்." மெல்லிய லேஸ் வலையில், கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டார். வலை என்பதால் காற்று போகும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி வைத்தால் வேர்வையை இழுத்துக்கொள்ளும், அரிக்காது.

"முடி எங்கே வாங்குறீங்க?" என்றாள் மனைவி.

"கோயில் முடிம்மா. திருப்பதி, திருத்தணி, பழனின்னு ஏலத்துல வர்றது. மொட்டை போட்ட முடி வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமா அப்படியே இருக்கும். சீப்புல உதிர்ந்தது அப்படி இல்ல, தாறுமாறா சேரும், சீக்கிரம் சிக்கு விழும்."

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "சாமிக்குக் கொடுத்ததை நான் தலையில வச்சுக்கலாமாங்க?"

சிரிக்கிற கேள்வி இல்லை இது. 2004-ல் உலகமே கேட்ட கேள்வி. வைதீக யூதக் குடும்பங்களில் கல்யாணமான பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும், பலர் விக் வைப்பார்கள். இந்துக் கோயிலில் காணிக்கையான முடியில் செய்த விக் கூடாது என்று ஜெருசலேமின் மூத்த மதகுரு எல்யாஷிவ் தீர்ப்பு சொன்னார். நியூயார்க் புரூக்ளினில் விலை உயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

அதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் அம்மா இவளுக்காக வேண்டிக்கொண்டு திருப்பதியில் முடி இறக்கியது ஞாபகம் வந்திருக்கும். "யார் குழந்தைக்காக யார் கொடுத்த முடியோ. கொடுத்தவ நல்லா இருக்கட்டும்" என்றாள்.

விக் வந்த மறுநாள் மாலை கடற்கரைக்குப் போனோம். நல்ல காற்று. அவள் கை நாலைந்து தரம் நெற்றிக்குப் போய்விட்டுத் திரும்பியது. எதிரே பழைய தெருக்காரம்மா ஒருவர் வந்தார். "எங்கே ரொம்ப நாளா காணோம்? இளைச்சுட்டீங்களே!" என்று ஆரம்பித்து, மருமகள், மூட்டுவலி, மீன் விலை என்று கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும்போது கவனித்தேன். அவள் கை நெற்றிக்குப் போகவில்லை. சுண்டல் வேண்டும் என்றாள்.