லேமினேட் சமையல் மேடையைத் தூய்மைப்படுத்தல்

லேமினேட் சமையல் மேடை என்பது மரப் பலகையின் மேல் லேமினேட் தகடு ஒட்டி அமைக்கப்படும் சமையலறை மேடை ஆகும். இதன் மேற்பரப்பில் கீறல் விழாமல் அழுக்கையும் கறையையும் நீக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. கருங்கல்லைப் போலவோ கட்டை மரத்தைப் போலவோ இம்மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிப் புதுப்பிக்க இயலாது. ஆகவே, கீறல் விழாமல் தடுப்பதே இதன் பராமரிப்பில் முதன்மையானது.

பெயரும் வரலாறும்

1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் ஆகிய பொறியாளர்கள், பிசினில் ஊறிய அடுக்குகளை அழுத்தி ஒரு மின்காப்புப் பொருளை உருவாக்கினர். அது அக்காலத்தில் மின்காப்புக்குப் பயன்பட்ட மைக்கா கனிமத்துக்கு மாற்றாக அமைந்தது. 'மைக்காவுக்குப் பதிலாக' என்ற பொருளிலேயே அதற்கு ஃபார்மைக்கா என்று பெயரிடப்பட்டது. 1913 இல் சின்சினாட்டி நகரில் இருவரும் தம் நிறுவனத்தைத் தொடங்கினர்.

தொடக்கத்தில் பயன்பட்ட பீனாலிக் பிசின் கருமை கலந்த நிறமுடையது. நிறமற்ற மெலமைன் பிசின் 1930களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது, வெளிர் நிறத் தகடுகளைச் செய்ய உதவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவை அமெரிக்கச் சமையலறைகளில் பரவின. டெக்சாஸ் மாநிலத்தின் டெம்பிள் நகரில் 1956 இல் வில்சனார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ரால்ஃப் வில்சன், 1959 இல் தாம் கட்டிய வீட்டில் இத்தகடுகளைப் பரவலாகப் பயன்படுத்தினார்.

தமிழ்நாட்டில் சமையல் மேடைக்குக் கருங்கல் பலகையே பெரிதும் பயன்படுகிறது. லேமினேட் தகடு பெரும்பாலும் அலமாரிக் கதவுகளிலும் மேசைகளிலும் காணப்படுகிறது. தச்சர்கள் இதனை 'மைக்கா' என்றும், ஒரு வணிகப் பெயரைக் கொண்டு 'சன்மைக்கா' என்றும் அழைக்கின்றனர். மைக்காவுக்கு மாற்றாகத் தோன்றிய பொருளுக்கே மைக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது குறிப்பிடத்தக்கது.

அமைப்பு

லேமினேட் தகட்டின் பெரும்பகுதி தாளே ஆகும். கீழிருந்து மேலாக அதன் அடுக்குகள் பின்வருமாறு:

- பீனாலிக் பிசினில் ஊறிய பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள்கள்
- மெலமைன் பிசினில் ஊறிய, நிறமோ ஓவியமோ அச்சிட்ட அலங்காரத் தாள்
- பல வகைகளில், அதன் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய காப்புத் தாள்

இவ்வடுக்குகள் 120 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலும், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 50 மடங்கும் அதற்கு மேலுமான அழுத்தத்திலும் ஒரே தகடாக இறுகுகின்றன. இத்தகடு சுமார் 1 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதிலும் அலங்காரத் தாளும் காப்புத் தாளும் மிகச் சிறு பகுதியே. ஆழமான கீறல் இவற்றைக் கடந்தால் அடியிலுள்ள பழுப்புத் தாள் வெளியே தெரியும்.

கீறல் ஏற்படும் விதம்

ஒரு பொருளை அதைவிடக் கடினமான பொருளே கீறும். மோவின் அளவுகோலில் மணலில் உள்ள குவார்ட்சின் கடினத்தன்மை 7 ஆகும். மெலமைன் படலம் இதைவிட மிகவும் மென்மையானது. கீரை, கிழங்கு ஆகியவற்றிலிருந்து உதிரும் மணல் மேடையில் கிடக்கும்போது அதன் மேல் துணியை அழுத்தித் தேய்த்தால், அத்துணி உப்புத்தாளைப் போலச் செயற்படும். பீங்கான் சாடிகளின் மெருகிடப்படாத அடிவிளிம்பும் அவ்வாறே கீறும். ஆகவே அவற்றை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

கம்பி நார், பச்சை நிறத் தேய்ப்பு நார், துலக்கும் பொடி ஆகியன கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்கீறல்களை உண்டாக்குகின்றன. இதனால் பளபளப்பான பரப்பு மங்குகிறது. மங்கலான பரப்பிலோ தேய்த்த இடம் மட்டும் பளபளக்கிறது. மேலும், நுண்கீறல்களில் அழுக்குத் தங்குவதால் அடுத்த முறை இன்னும் அழுத்தித் தேய்க்க நேர்கிறது.

'மாயப் பஞ்சு' என விற்கப்படும் வெண்ணிறப் பஞ்சும் மெலமைன் பிசினால் ஆனதே. அது கைக்கு மென்மையாகத் தோன்றினும் அதன் நுண்ணிழைகள் கடினமானவை. ஒரே வகைப் பிசின் என்பதால் அது தகட்டின் மெருகையும் தேய்க்கக்கூடும்.

அன்றாடத் தூய்மைப்படுத்தல்

1. உதிரிகளையும் மணலையும் ஈரத்துணியால் அழுத்தமின்றி ஒற்றி எடுத்து, துணியை அலச வேண்டும்.
2. வெதுவெதுப்பான நீரில் சில துளிகள் பாத்திரம் கழுவும் நீர்மம் கலந்து, மென்மையான பருத்தித் துணியையோ நுண்ணிழைத் துணியையோ நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும்.
3. வெறும் நீரில் நனைத்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். எஞ்சும் சோப்பு மங்கலான படலமாகப் படிந்து அழுக்கை ஈர்க்கும்.
4. உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்ற வேண்டும்.

மேடையில் நீரை ஊற்றிக் கழுவுதல் கூடாது. தகட்டின் அடியில் பெரும்பாலும் மரத்துகள் பலகையே உள்ளது. இணைப்புகள், கழுவுதொட்டியின் விளிம்பு ஆகியவற்றின் வழியே நீர் புகுந்தால் அது ஊதிப் பருக்கும். பின்னர் பழைய நிலைக்குத் திரும்பாது.

கறைகள்

எண்ணெய்: சோப்பு நீர் போதுமானது. காய்ந்த பிசுக்கின் மேல் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடங்கள் விரித்து வைத்தால் தேய்க்காமலே இளகும்.

தேநீர், காப்பி: சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, சில நிமிடங்கள் கழித்து ஒற்றி எடுக்க வேண்டும். சோடாவும் நுண்துகள் உடையது என்பதால் அழுத்தித் தேய்க்கலாகாது.

மஞ்சள்: மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் எளிதில் கரையாது, ஆல்ககாலில் கரையும். காரத்தன்மையுள்ள சோப்புப் பட்டால் கறை சிவப்பாக மாறும். பஞ்சில் ஆல்ககாலைத் தொட்டு ஒற்றி எடுத்தல் பயன்தரும். எழுதுமைக் கறைக்கும் இதுவே முறை. ஆல்ககால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்பை அணைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

உப்புநீர்ப் படிவு: நீர் கலந்த வினிகரால் துடைத்து, உடனே வெறும் நீரால் துடைக்க வேண்டும்.

எந்த நீர்மத்தையும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்த்தல் நலம்.

தவிர்க்க வேண்டியவை

- கழிவறை தூய்மையாக்கி, துரு நீக்கி போன்ற வலிய அமிலங்கள் தகட்டை நிலையாக அரிக்கும்.
- வெளுப்பு நீர்மம் தேங்கி நின்றால் நிறம் மாறும். அதனை வினிகர் உள்ளிட்ட அமிலங்களுடன் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும்.
- தகட்டின் மீது நேரடியாகக் காய்கறி நறுக்கக்கூடாது, அரிபலகை தேவை.
- அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரடியாக வைத்தால் தகடு கொப்புளிக்கக்கூடும், ஒட்டுப்பசையும் தளரும்.

கீறல் விழுந்த பின்

மேலோட்டமான கீறலை மெழுகுப் பூச்சால் ஓரளவு மறைக்கலாம், கீறல் நீங்குவதில்லை. ஆழமான கீறலைத் தகட்டின் நிறத்துக்கு ஏற்ற நிரப்புப் பசையால் அடைக்கலாம். உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்ய முயன்றால் அலங்காரத் தாளே அழிந்துவிடும். பெருமளவு பழுதடைந்த மேடைக்குப் புதிய தகடு ஒட்டுவதே தீர்வாகும்.

இவற்றையும் பார்க்க

- மெலமைன் பிசின்
- பேக்லைட்டு
- மோவின் அளவுகோல்
- குர்க்குமின்