சாயவேரும் மலாக்காச் சந்தையும்

செமினி போன்ற தோட்டப்புற ஊர்களில் தமிழர் வரலாற்றை இரப்பர் மரத்திலிருந்தே தொடங்குகிறோம். ஆனால், தமிழர் உள்ளிட்ட சோழமண்டலத்தாரின் கைவண்ணம் அதற்கு முன்பே இந்நாட்டை அடைந்துவிட்டது. சுல்தான்கள் ஆண்ட 15-ஆம் நூற்றாண்டில், பழவேற்காட்டுத் துணிகள் மலாக்காச் சந்தைக்கு வந்தன. போர்த்துக்கீசியரான தொமே பீரிசு, 1512-க்கும் 1515-க்கும் இடையில் எழுதிய நூலில் இவ்வணிகத்தைக் குறித்துள்ளார்.

சோழமண்டலத் துணிகளின் புகழ்பெற்ற சிவப்பைத் தந்தது சாயவேர். மணற்பாங்கான கரையில் வளரும் சிறு செடியின் மெல்லிய வேர் அது. வேரை மட்டும் கொதிக்க வைத்தால் பருத்தியில் நிறம் நிலைக்காது. துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்துப் படிகாரம் ஏற்றிய பின்னரே சாயநீரில் இடுவர். நூலையும் நிறத்தையும் பிணைப்பது படிகாரமே.

அவ்வேரின் செந்நிறப் பொருளாகிய அலிசரினை 1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய அறிஞர் செயற்கையாக ஆக்கினர். மலிவான ஆலைச்சாயம் பெருகவே, வேர் தோண்டுவோர் தொழில் நலிந்தது. ஏட்டில் ஏறாது கையோடு வாழும் அறிவு, கை ஓய்ந்தால் தானும் ஓயும்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். இரு பருத்தித் துண்டுகளுள் ஒன்றைப் படிகார நீரில் ஊறவைத்து, இரண்டையும் மங்குஸ்தான் தோல் கொதித்த நீரில் இட்டு அலசுக. நிற வேறுபாட்டை மாணவரே காண்பர். அதன்பின் மலாக்கா வரலாற்றைக் கற்பித்தால், அது அவர்கள் நெஞ்சில் ஊன்றி நிற்கும்.