மூணு விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

1971 டிசம்பர். வங்கதேசம்னு ஒரு நாடு இன்னும் முழுசா பிறக்கக்கூட இல்லை. வாஷிங்டன்ல நடந்த ஒரு கூட்டத்துல அமெரிக்க அதிகாரி ஒருத்தர், இது உலகத்துக்கே ஒரு 'பாஸ்கெட் கேஸ்' ஆகப்போகுதுன்னு சொன்னார். அதாவது, சொந்தக் கால்ல நிக்கவே முடியாத கேஸ். (இதைச் சொன்னது கிஸிஞ்சர்னுதான் பல பேர் எழுதுவாங்க. சொன்னவர் அலெக்ஸிஸ் ஜான்சன். 'அது நம்ம தலையில விழணும்னு இல்லையே'ங்கற மாதிரி பதில் சொன்னவர்தான் கிஸிஞ்சர்.)

இப்ப சில எண்களைப் பாருங்க. 1990ல் வங்கதேசத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 145 பேர் ஐந்து வயசைத் தாண்டலை. அப்போ இந்தியாவில் சுமார் 125. இருபது வருஷம் கழிச்சு 2010ல் வங்கதேசத்தில் அது சுமார் 50. இந்தியாவில் 58 பக்கம். அப்போ ஒரு வங்கதேசியின் சராசரி வருமானம் இந்தியரோடதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். காசு குறைவா இருந்த நாடு எப்படி முந்திப் போச்சு? ஜான் திரேஸும் அமர்த்தியா சென்னும் 2013ல் எழுதின புத்தகத்துல நம்மளைக் கேட்ட கேள்விகள்ல இதுவும் ஒண்ணு.

ஒரே காரணம்னு சொல்ல முடியாது. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனதுன்னு பல விஷயம் இருக்கு. நான் சொல்லப்போறது அதுல ஒண்ணே ஒண்ணு. வயித்துப்போக்கும், அதுக்குக் குடுக்கற தண்ணியும்.

வயித்துப்போக்கு நேரடியா ஆளைக் கொல்றதில்லை. உடம்புல இருக்கற தண்ணியும் உப்பும் வெளியே போறதுதான் கொல்லுது. வெறும் உப்புத்தண்ணி குடிச்சா குடல் அதைச் சரியா ஏத்துக்காது. கூடவே குளுக்கோஸ் இருந்தா, அது உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும். உப்புக்குப் பின்னாலேயே தண்ணியும் போகும். 1968ல் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு இளம் டாக்டர்கள் இதை நோயாளிகளுக்குக் குடுத்து நிரூபிச்சாங்க. நரம்புல ஏத்தவேண்டிய சலைன் அளவு சுமார் 80 சதவீதம் குறைஞ்சது. ரெண்டு பேருக்கும் அப்போ முப்பது வயசுகூட ஆகலை. (நாமெல்லாம் இந்த வயசுல என்ன பண்ணிட்டிருக்கோம்னு யோசிக்க வேண்டாம் :-))

மூணு வருஷத்துல பெரிய சோதனை வந்தது. 1971 போரில் சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள்ள வந்தாங்க. மேற்கு வங்க எல்லையில் இருக்கற பன்காவ் முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துபோச்சு. கல்கத்தா டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூணையும் பொடியா கலந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஓரத்தை இஸ்திரிப்பெட்டியால ஒட்டி எடுத்துட்டுப் போனார். அதைத் தண்ணில கரைச்சு டிரம்ல வச்சாங்க. நர்ஸ் பத்தலை, அதனால நோயாளியோட அம்மாவும் அண்ணனும்தான் மொண்டு குடுத்தாங்க. 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

சரி, மருந்து கிடைச்சாச்சு, மேட்டர் ஓவரா? அங்கேதான் இல்லை. முகாம்ல டிரம் வைக்கலாம். மழைக்காலத்துல சுத்திலும் தண்ணி நிக்கற ஒரு கிராமத்துல, ராத்திரி குழந்தைக்குப் பேதியானா அந்த அம்மா எங்கே போவாங்க?

இங்கேதான் பிராக் வருது. ஷெல் கம்பெனியில் அக்கவுண்டண்ட் வேலை பார்த்த ஃபஸ்லே ஹசன் ஆபெத், லண்டன்ல இருந்த தன் ஃபிளாட்டை வித்த காசை வச்சு, போர் முடிஞ்சு ஊர் திரும்பின அகதிகளுக்காக 1972ல் ஆரம்பிச்ச அமைப்பு. அவங்க எடுத்த முடிவு எளிமையானது. பாக்கெட் போய்ச் சேராத இடத்துல, அடுப்படியில இருக்கறதை வச்சே தாய்மார்களுக்குச் சொல்லிக்குடுப்போம். அரை சேர் தண்ணி (அரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி). மூணு விரலால், முதல் ரேகை வரைக்கும் எடுத்த உப்பு. ஒரு பிடி வெல்லம்.

கேக்க சுலபமா இருக்கு. ஆனா உப்பு அதிகமானா குழந்தைக்கே ஆபத்து. அதனால வீடு வீடாப் போய், அந்த அம்மாவையே கலக்கச் சொல்லிப் பார்க்கணும். 1980ல் திட்டம் தொடங்கியது. ஒரு குழுவில் 14 இளம்பெண்கள், ஒரு சமையல்காரர், ஒரு மேற்பார்வையாளர். பெண்கள் தனியா வெளியூர் போறதே பெரிய விஷயமா இருந்த காலம் அது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அவங்க சம்பளக் கணக்கு. நம்ம பொட்டி தட்டுற தொழில்ல, எழுதின வரிகளை எண்ணி சம்பளம் குடுத்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். பிராக் எத்தனை வீடு போனாங்கன்னு எண்ணலை. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொருத்தர் போய், சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த அம்மாகிட்ட கேள்வி கேப்பார். கலந்து காட்டச் சொல்லுவார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கோ, அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்குடுத்த பொண்ணுக்குக் காசு.

தாய்மார்கள் பாடத்தை நல்லாவே ஞாபகம் வச்சிருந்தாங்க. ஆனா குழந்தைக்கு முடியாமப் போனப்போ பல பேர் அதைக் கலந்து குடுக்கவே இல்லை!

ஏன்னு தோண்டினாங்க. சொல்லிக்குடுத்த பொண்ணுங்களையே, 'உங்களுக்கு வயித்துப்போக்கு வந்தா என்ன சாப்பிடுவீங்க?'ன்னு கேட்டாங்க. நிறைய பேர் வேற மருந்துதான் சாப்பிட்டாங்க. சொல்றவங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா கேக்கறவங்களுக்கு எப்படி வரும்? அவங்களை டாக்காவுக்குக் கூட்டிட்டுப் போய், இது எப்படி வேலை செய்யுதுன்னு கண்ணால பார்க்க வச்சாங்க. இன்னொரு காரணம், வீட்டு ஆம்பளைங்ககிட்ட யாரும் பேசவே இல்லை. காசும் முடிவும் அவங்க கையில இருந்தது. அதுக்கப்புறம் மசூதி, சந்தை, பள்ளிக்கூடம்னு எல்லா இடத்துலயும் பேச ஆரம்பிச்சாங்க. பயன்பாடு ஏறிச்சு. 1990ல் முடிக்கும்போது 1.2 கோடி வீடுகளுக்கு மேல போயிருந்தாங்க.

'அரசாங்கம் ஒண்ணும் பண்ணலை, எல்லாம் தொண்டு நிறுவனம்தான்'னு இதைப் படிக்கக்கூடாது. பாக்கெட் தயாரிப்பு, ஆஸ்பத்திரி, தடுப்பூசி எல்லாத்துலயும் அரசு இருந்தது. 1980களின் நடுவுல ரெண்டு சதவீதம் அளவுக்கே இருந்த தடுப்பூசி, 1990 வாக்குல பாதிக் குழந்தைகளுக்கு மேல போய்ச்சேர்ந்தது. ஊசியும் ஐஸ்பெட்டியும் அரசாங்கத்தோடது, ஊரைக் கூட்டினதுல பிராக், கேர் மாதிரி அமைப்புகளுக்குப் பெரிய பங்கு. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நடந்திருக்காது.

இனி நம்ம பக்கம். பன்காவ் இருக்கறது இந்திய மண்ணுல. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயித்துப்போக்கு வந்த இந்தியக் குழந்தைகளில் 26 சதவீதம் பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைச்சது. 2015-16ல் 51. 2019-21ல் 61. வங்கதேசம் 2014லேயே முக்கால்வாசியைத் தொட்டுடுச்சு. பாக்கெட் விலை ஒரு டீக்காசு. ஆஷா பணியாளர்கிட்ட இலவசமாவே கிடைக்கும். அப்படியிருந்தும் பத்துல நாலு குழந்தைக்குப் போகலைன்னா, பொருள் இல்லாததுதான் குறைன்னு சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய், உக்காந்து, கலந்து காட்டி, திரும்ப வந்து 'ஞாபகம் இருக்கா?'ன்னு கேக்க ஆள் வேணும். அந்த ஆளுக்கு ஒழுங்கான சம்பளமும் வேணும்.

மஹலநாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். 2023ல் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. லேட்டானாலும் சந்தோஷம். சேத்துல நடந்து 1.2 கோடி அடுப்படிக்குப் போன அந்தப் பொண்ணுங்க பேர் நம்ம யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை உங்க தெருவுல ஆஷா அக்காவோ அங்கன்வாடி அக்காவோ கதவைத் தட்டினா, ரெண்டு நிமிஷம் நின்னு பேசுங்க மக்கா.