ஹார்மண்ட்ஸ்வொர்த்: ஒரு பவுண்டுக்கு விலைபோன களஞ்சியம்

ஹீத்ரோ விமான நிலையத்தைத் தெரியாதவர் இல்லை. அதற்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமம். ஹீத்ரோ என்பதே இந்த ஊரோடு சேர்ந்திருந்த ஒரு குக்கிராமத்தின் பெயர்தான். 1944-ல் விமான தளத்துக்காக அதை இடித்துவிட்டார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது பெரிய தானியக் களஞ்சியம். வின்செஸ்டர் காலேஜ் (பெயர்தான் காலேஜ், உண்மையில் பள்ளிக்கூடம்) 1391-ல் இந்த ஊரை வாங்கி, 1426 வாக்கில் ஓக் மரத்தில் இதைக் கட்டியது. நீளம் 192 அடி! கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸின் கதீட்ரல் என்றாராம். பக்கத்திலேயே செயின்ட் மேரி தேவாலயம். 12-ஆம் நூற்றாண்டு நார்மன் வாசல் இன்னும் இருக்கிறது. காக்ஸ் ஆப்பிளை உருவாக்கிய ரிச்சர்ட் காக்ஸின் கல்லறையும் அங்கேதான்.

வணிகவியல் மாணவனான என்னை உறுத்தியது விலைதான். 2006-ல் ஒரு கம்பெனி இந்தக் களஞ்சியத்தை வெறும் 1 பவுண்டுக்கு வாங்கியது. சரியான பராமரிப்பு இல்லாமல் கிடந்ததை 2012-ல் இங்கிலீஷ் ஹெரிடேஜ் 20,000 பவுண்டுக்கு மீட்டது. எந்தப் பேரேட்டில் இதை எழுதுவது?

மூன்றாவது ஓடுபாதைக்கு 2009-ல் அரசு சம்மதித்தது, 2010-ல் கைவிட்டது, 2018-ல் பார்லிமெண்ட் ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில் அரசு மறுபடி ஆதரவு சொன்னது. 2018 திட்டத்தின் வரைபடத்தில் களஞ்சியமும் தேவாலயமும் வேலிக்கு வெளியே தப்பின. ஊரின் வீடுகளில் பெரும்பாலானவை தப்பவில்லை.