பிறந்த வீட்டுப் பசி

வைத்திய சரித்திரத்தைப் புரட்டும்போது கதை எழுதுகிறவனுக்குச் சில இடங்களில் பொறாமை உண்டாகும். தைராய்டுப் புற்றுநோய்க்கு மருந்து கண்ட வரலாறு அப்படி ஓர் இடம்.

கழுத்தில், குரல்வளைக்குக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் என்றால் தீராத பசி. நாம் உண்ணும் உப்பிலும் கடல்மீனிலும் உள்ள சொற்ப அயோடினையும் இரத்தத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

1936 நவம்பரில், பாஸ்டன் நகரத்து டாக்டர்களிடையே கார்ல் காம்ப்டன் என்ற பௌதிக அறிஞர் பேசினார். பேச்சு முடிந்ததும் ஸால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அயோடினைச் செயற்கையாகக் கதிர்வீசச் செய்ய முடியுமா? சுரப்பியின் பசியையே தூண்டிலாக்கலாம் என்ற யோசனை அந்தக் கேள்வியில் இருந்தது.

முதலில் கிடைத்த கதிர் அயோடின் 25 நிமிஷத்தில் பாதி வீரியத்தை இழந்துவிடும். அதைக் கொண்டு ஹெர்ட்ஸும் ஆர்தர் ராபர்ட்ஸும் முயல்களிடம் சோதனை செய்தார்கள். 1938-ல் கலிபோர்னியாவில் லிவிங்குட், ஸீபோர்க் இருவரும் அயோடின்-131ஐக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பாதி வீரியம் குறைய 8 நாள். 1941-ல் ஹெர்ட்ஸ், சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்த ஒரு நோயாளிக்குக் கதிர் அயோடினை முதன்முதலாக மருந்தாகக் கொடுத்தார். அது புற்றுநோய் அல்ல.

1943-ல் நியூயார்க் மான்ட்டிஃபியோர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸாமுவேல் ஸீட்லினிடம் ஒரு புற்றுநோயாளி வந்தார். அவருடைய சுரப்பியை என்றோ அறுத்து எடுத்தாகிவிட்டது. ஆனாலும் அது மிதமிஞ்சிச் சுரப்பதற்குரிய அடையாளங்கள் எல்லாம் உடம்பில் தெரிந்தன. இல்லாத சுரப்பி எங்கிருந்து சுரக்கிறது? கதிர் அயோடினைக் கொடுத்து, கதிரை எண்ணும் கருவியால் தேடினார்கள். கழுத்தைவிட்டு வெகுதூரத்தில் கட்டிகள் அதை உண்டுகொண்டிருந்தன! ஓடிப்போய் வேற்றிடத்தில் குடியேறிய உயிரணுக்கள் பிறந்த வீட்டுப் பசியை மறக்கவில்லை.

அந்தப் பசியே அவற்றுக்கு எமனாயிற்று. அயோடின் வீசும் பீட்டா கதிர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பாய்வதில்லை. இழுத்துக்கொண்ட உயிரணுவையும் அதன் அண்டை அயலையும் எரித்து அடங்கிவிடும். அந்த மனிதருக்கு வலி குறைந்தது, உடம்பு தேறியது. 1946-ல் ஸீட்லின் குழுவினர் இதை வெளியிட்டார்கள்.

ஆனால் எல்லாப் புற்றும் இப்படி ஏமாறுவதில்லை. சில, கொடுமை முற்ற முற்ற, அயோடினை உண்பதையே மறந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு கொடுத்தாலும் மருந்து அவற்றைத் தேடிப் போவதில்லை. அந்தப் பசியை வேறு மருந்தால் மறுபடி எழுப்ப முடியுமா என்று இன்று ஆராய்கிறார்கள். சிலரிடம் அது எழுந்தும் இருக்கிறது.

பகைவனைக் கொல்வதற்கு அவனுக்குப் பிறந்த வீட்டை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எந்தக் கதாசிரியனுக்குத் தோன்றியிருக்கும் இது?