முள்ளா? விளக்கா? - காரில் கூடுதல் மீட்டர் வந்த கதை

காரில் ஆயில் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்? "கொஞ்சம் கவனி" என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அதன் அர்த்தம் "காலம் கடந்துவிட்டது" என்பதுதான்! கார்க்காரர்கள் கடையில் தனியாக மீட்டர் வாங்கி மாட்டிக்கொண்ட வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஃபோர்டு மாடல் டி (1908-1927) ஒன்றரைக் கோடி வண்டிகள் தயாரான கார். அதில் பெட்ரோல் மீட்டர் கிடையாது. சீட்டைத் தூக்கி, டாங்கில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். என்ஜின் சூடு ஏறினால், ஆவி வந்த பிறகுதான் தெரியும். 1912 வாக்கில் அமெரிக்காவில் வந்த பாய்ஸ் மோட்டோமீட்டர் இதற்கு ஒரு வழி சொன்னது. ரேடியேட்டர் மூடியின் மேல் உட்காரும் தெர்மாமீட்டர் அது. சிவப்புத் திரவம் ஏறுவதை டிரைவர் முன்கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். கார் கம்பெனி தராததைக் கடையில் வாங்கி மாட்டும் பழக்கம் இப்படி வளர்ந்தது.

பிறகு கம்பெனிகளே டேஷ்போர்டில் மீட்டர் வைத்தன. ஆனால் 1930-களில் ஹட்சன் கம்பெனி ஆயில் பிரஷருக்கும் ஜெனரேட்டருக்கும் மீட்டரை எடுத்துவிட்டு விளக்கு வைத்தது. விளக்கு மலிவு. முள்ளைப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். லட்சக்கணக்கில் கார் செய்பவருக்கு ஒரு காரில் மிச்சமாகும் சில்லறையும் பெரிய தொகைதானே! மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மெக்கானிக்குகள் வைத்த பெயர்: "முட்டாள் விளக்கு".

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆயில் விளக்கின் ஸ்விட்ச் பொதுவாக 5 பவுண்டு பிரஷர் அளவுக்கு இறங்கினால்தான் வேலை செய்யும். வேகமாக ஓடும் என்ஜினுக்கு 50 பவுண்டு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 20-க்கு இறங்கினாலும் விளக்கு எரியாது. உள்ளே பேரிங் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். முள் இருந்தால் 40-லேயே தெரிந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டுகளை வேகக் கார்களாக மாற்றிய இளைஞர்களுக்கு இது நன்றாகவே புரிந்தது. சிகாகோவின் ஸ்டூவர்ட்-வார்னர் மீட்டர்களை வாங்கி, துளை போட்ட இரும்புத் தகட்டில் பொருத்தி, டேஷ்போர்டுக்குக் கீழே திருகினார்கள். ஆயில் மீட்டருக்கு என்ஜினிலிருந்து மெல்லிய குழாய் வரும். அது உடைந்தால் கொதிக்கும் ஆயில் காலில் கொட்டும். பின்னால் வந்த மின்சார மீட்டர்கள் அந்த ஆபத்தை நீக்கின.

1980, 90-களில் டர்போ கார்கள் பெருகின. டர்போ பிரஷர் எல்லை மீறினால் பிஸ்டனே உடையலாம். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பதால், மீட்டர் முன்கண்ணாடி ஓரத்துத் தூணுக்கு ஏறியது. தூணின் மேல் பிளாஸ்டிக் கூடு, அதில் 52 மில்லிமீட்டர் மீட்டர். டேஷ்போர்டு விளக்கு வயரிலேயே அதன் விளக்கையும் இணைத்தால் இரவில் இரண்டும் சேர்ந்து மங்கும். ரேஸ்காரர்கள் மீட்டரையே திருப்பி வைப்பார்கள்: எல்லாம் சரியென்றால் முள் நேர் மேலே நிற்கும். சாய்ந்தால் ஏதோ கோளாறு. எண்ணைப் படிக்கவே வேண்டாம்!

1990-களின் இறுதியில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் வந்தது. பல கார்களில் அது அந்தத் தூண் வரை நீள்கிறது. விபத்தில் ஏர்பேக் விரியும்போது அங்கே ஒட்டிய மீட்டர் தடையாகலாம், தெறித்து முகத்திலும் அடிக்கலாம். அதனால் மீட்டர் ஏசி துவாரத்துக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் இடம் மாறியது.

இதற்கிடையில் கம்பெனி மீட்டர்களே மாறிவிட்டன. 1980-களின் இறுதியில் ஃபோர்டின் பல வண்டிகளில் ஆயில் மீட்டருக்குப் பின்னால் இருந்தது வெறும் ஸ்விட்ச். பிரஷர் எவ்வளவாக இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். அதாவது, முள் வேடம் போட்ட விளக்கு! அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான ஓபிடி-2 இணைப்பு வழியாக என்ஜின் கம்ப்யூட்டரின் எண்களைத் திரையில் பார்க்க வழி பிறந்தது. ஆனால் சென்சார் இல்லாத இடத்தின் எண்ணைக் கம்ப்யூட்டரும் சொல்ல முடியாது.

கம்பெனி மிச்சப்படுத்தியது ஒரு மீட்டரின் விலை. விளக்கு தாமதமாக எரிந்தால் போவது ஒரு என்ஜினின் விலை. முதல் தொகை கம்பெனியின் கணக்கில் வரவு. இரண்டாவது, வாரண்டி முடிந்த பிறகு, வண்டிக்காரரின் கணக்கில் செலவு. கூடுதல் மீட்டர் மாட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான்.